தன்பியூசயாட் ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில் மோல்மீனுக்குத் தெற்கே உள்ள இந்தச் சின்ன ஸ்டேஷனைப் பற்றி மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுவைப்பது மேல் என்று தோன்றியது. கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் மெதுவான ரயிலில் பர்மாவைப் பார்க்க ஆசைப்படுபவர். இன்னொருவர், சயாம் மரண ரயிலுக்கு, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதையின் வேலைக்கு, போய்த் திரும்பாத தாத்தாவைத் தேடுபவர். இருவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இந்த ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?

மோன் மாநிலத்தில். மோல்மீனிலிருந்து தெற்கே சுமார் 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர். மோல்மீன்–யே பாதையில், முதோன் தாண்டி வரும். தெற்கே யே என்ற ஊர் வரைக்கும் இந்தப் பாதையைப் போட்டு முடித்தது வெள்ளைக்காரன் காலத்தில், 1925-இல். மீட்டர் கேஜ், ஒற்றைத் தண்டவாளம்.

இப்போது போகலாமா? பயமில்லையா?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நாட்டின் பல இடங்களில் சண்டை நடக்கிறது. மோன் மாநிலமும் அதற்குக் கீழே தெனாசரிமும் அதில் சேர்த்தி. பாலத்தில் ஏதாவது நடந்தால் ரயில் நிற்கும், சாலையில் ஏதாவது நடந்தால் பஸ் நிற்கும். ஒரு மாதம் அமைதியாக இருந்த இடம் அடுத்த மாதம் அப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இணையத்தில் படித்ததை வைத்து டிக்கெட் போடாதீர்கள். இந்தப் பக்கத்தை வைத்தும் போடாதீர்கள். உங்கள் நாட்டுத் தூதரகம் சொல்வதைப் பாருங்கள். பிறகு, புறப்படும் அந்த வாரத்தில் மோல்மீனில் தங்கப்போகும் ஓட்டலுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஓட்டல்காரருக்குத் தெரியாத சேதி ஊரில் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. இங்கே உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், அவர்கள் வீட்டுப் பையனை வழிகாட்டியாகக் கூட்டிப்போக நினைப்பீர்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரையான ஆண்களுக்கு ஊர்விட்டு ஊர் போவதே இப்போது ஒரு கவலை. சோதனைச் சாவடியில் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவனை விடுவார்கள் என்று என்ன நிச்சயம்? "மாமா கூப்பிட்டாரே" என்று தட்ட முடியாமல் அவன் வருவான். நீங்களாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயதான பெரியப்பா, சித்தி யாராவது வந்தால் போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?

தெற்கே போக ஒன்று, வடக்கே திரும்ப ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஓடினால் லாபம். சில காலங்களில் அந்த ஒன்றும் ஓடுவதில்லை.

மோல்மீனிலிருந்து தெற்கே போகிற வண்டி அதிகாலையில் புறப்படுவதுதான் வழக்கம். அட்டவணை என்று ஒன்று ஸ்டேஷன் சுவரில் எழுதியிருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை, நம்பி இருப்பதில்தான் தவறு. முந்தின நாள் மாலை ஸ்டேஷனுக்கே போய், "நாளைக்கு வண்டி உண்டா" என்று கேட்டுவிட்டு வருவதுதான் உள்ளூர்க்காரர்கள் செய்வது. மோல்மீன் ஸ்டேஷன் ஊர் நடுவில் இல்லை, கரையோரச் சாலையில் தங்குபவர்களுக்குக் கொஞ்சம் தூரம். விடியற்காலையில் ஸ்டேஷனுக்குப் போக வண்டி கிடைக்காது, ராத்திரியே ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? ஊர் சின்னது என்பதாலா?

ஊர் அவ்வளவு சின்னது இல்லை. சந்தை, மணிக்கூண்டு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. சுற்றிலும் ரப்பர் தோட்டம். பர்மாவில் ரப்பர் என்றாலே மோன் மாநிலம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

காரணம் சாலை. ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலையும் போகிறது. மோல்மீனிலிருந்து இங்கே வர லைன்காரில் (ஆள் சேர்த்து ஏற்றிப்போகும் வாடகை வண்டி) ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி. ரயிலில் அதைவிட ஒரு மணி நேரமாவது கூடும். லைன்கார் நிரம்பியதும் கிளம்பும், வீட்டு வாசலில் நிறுத்தும், கோழிக்கூடையையும் ஏற்றிக்கொள்ளும். ரப்பர் ஷீட்டுக் கட்டுகளும் லாரியில்தான் போகின்றன. சரக்கும் இல்லை, அவசரக்காரப் பயணியும் இல்லை என்றால் ஒரு பாதையில் எத்தனை வண்டி விடுவார்கள்?

பாதையும் பழசு. பாலங்கள் பழசு. மணிக்கு 20 மைலைத் தாண்டினாலே பெட்டி துள்ள ஆரம்பிக்கும். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் வண்டி வரும்வரை ஏதோ ஒரு ஸ்டேஷனில் காத்துக்கிடக்க வேண்டும். வேகம் இல்லாததால் ஆள் குறைகிறது. ஆள் குறைவதால் பணம் போட மாட்டார்கள். பணம் போடாததால் வேகம் இன்னும் குறைகிறது. ரங்கூன்–மாந்தளை பாதைக்கு ஜப்பான் கடன் வந்தது. இந்தத் தெற்குப் பாதைக்கு அப்படி யாரும் வரவில்லை. மிச்சமிருக்கிற ஒரு வண்டியும் ஏன் ஓடுகிறது என்றால், கட்டணம் அவ்வளவு மலிவு. சந்தைக்குப் போகும் பெண்களும் பிக்குகளும் பள்ளிப் பிள்ளைகளும் அதை நம்பியிருக்கிறார்கள்.

டிக்கெட் எப்படி எடுப்பது?

நேரில். வண்டி வருவதற்கு முன் கவுண்டர் திறப்பார்கள். ஜன்னல் என்று சொல்வதைவிடப் பொந்து என்று சொல்லலாம்: குனிந்து பேச வேண்டும், உள்ளே இருப்பவரின் கை மட்டும்தான் தெரியும். உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி, பெயரையும் எண்ணையும் ஒரு பெரிய பேரேட்டில் கையால் எழுதிக்கொள்வார். நம் தமிழ்ப் பெயர்கள் அவருக்கு ஒரு சோதனை. அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக இருந்தால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள்.

டிக்கெட்டில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் பர்மிய இலக்கத்தில் இருக்கும். சுழி, ஒன்று, மூன்று எல்லாம் வட்டம் வட்டமாக ஒரே சாடையில் இருக்கும். திறப்பும் வளைவும்தான் வித்தியாசம். பத்து இலக்கங்களையும் முதல் நாளே பழகிவிடுங்கள், அரை மணி நேர வேலை. பஸ் எண், விலைப்பட்டியல், கடிகாரம் என்று எல்லா இடத்திலும் உதவும்.

வெளிநாட்டு அட்டை, கைபேசிக் கட்டணம் எதுவும் அந்தப் பொந்தில் செல்லாது. பர்மியப் பணமான கியாட் நோட்டு, அதுவும் சில்லறையாக.

வெளிநாட்டுக்காரருக்கு டாலரில் தனிக் கட்டணமா?

முன்பு அப்படித்தான் இருந்தது. 2014 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கியாட்டில் ஒரே கட்டணம். பழைய பயணக் குறிப்புகளில் டாலர் விலை பார்த்தால் விட்டுத்தள்ளுங்கள். இன்றைய கட்டணத்தை நான் எழுதவில்லை. கியாட் மதிப்பு விழுகிற வேகத்தில் எழுதியது எழுதின மறுமாதமே பொய்யாகும். சாதாரண வகுப்பில் மோல்மீன்–தன்பியூசயாட் போக ஆகிற செலவு, டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பிடுவதைவிடக் குறைவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகுப்பில் போகலாம்?

இரண்டுதான்: மேல் வகுப்பு, சாதாரண வகுப்பு. மேல் வகுப்பில் துணி உறை போட்ட, சாய்கிற இருக்கை. சாய்ந்தபின் பழைய நிலைக்கு வராத இருக்கையும் உண்டு. சாதாரண வகுப்பில் பலகை. இந்தக் குறைந்த தூரத்துக்குப் பலகையே போதும் என்பேன். முதுகுவலிக்காரர்கள் ஒரு போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். மேல் வகுப்பில் பேச்சுத்துணை கிடைக்காது.

குலுங்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பக்கவாட்டில் ஆடும், மேலும் கீழும் துள்ளும், சில இடத்தில் இரண்டும் சேரும். மேல் தட்டில் வைத்த பை கீழே விழும். சூடான எதையும் மடியில் வைக்காதீர்கள்.

மீதிப் பயணம் நன்றாகவே இருக்கும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, ஷட்டர்தான். மரக்கிளை உள்ளே வந்து தோளைத் தட்டிவிட்டுப் போகும், கையை வெளியே நீட்டாதீர்கள். முதோன் தாண்டியதும் ரப்பர் தோட்டம் தொடங்கும். காலை நேரத்தில் பால் எடுக்கிறவர்கள் நெற்றி விளக்கோடு மரங்களுக்கு நடுவே நடப்பது தெரியும். வீட்டு வேலியிலும் கொடியிலும் துணி காயப்போட்ட மாதிரி வெள்ளை ஷீட்டுகள் தொங்கும். காய்ந்ததும் தேன் நிறமாகும். அந்தப் புளித்த வாடையை மலாயாத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நிற்கிற இடங்களில் தலையில் தட்டோடு பெண்கள் ஏறுவார்கள்: அவித்த சோளம், காடை முட்டை, வெற்றிலைச் சுருள், உரித்த பம்ப்ளிமாஸ். பம்ப்ளிமாஸ் வாங்குங்கள். மோன் மாநிலத்துப் பம்ப்ளிமாஸுக்கு நாடு முழுக்கப் பெயர். உரித்த சுளையை மிளகாய் உப்போடு பையில் போட்டுத் தருவார்கள்.

ரங்கூனிலிருந்து ஒரே வண்டியில் வந்துவிடலாமா?

மோல்மீனில் மாறுவதாகவே திட்டமிடுங்கள். ரங்கூன்–மோல்மீன் பகல் வண்டியில் ஒன்பது பத்து மணி நேரம், ஓடினால். 2000-களில் சால்வின் ஆற்றின் மேல் பாலம் கட்டும்வரை ரயில் மார்த்தபானோடு நின்றுவிடும். அங்கிருந்து படகேறித்தான் மோல்மீன். அந்தப் படகுத்துறையைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுவது இன்னும் நிற்கவில்லை. பாலம் வந்ததும் ஆற்றுப்பக்கம் இருந்த பாதி வியாபாரம் போய்விட்டது.

ஸ்டேஷனில் என்ன வசதி இருக்கிறது?

கூரை, பெஞ்சு, தண்ணீர்ப் பானை. கழிப்பறை உண்டு, தாளும் சோப்பும் உங்களுடையது. குளிர்சாதனக் காத்திருப்பறை, லாக்கர் எதுவும் கிடையாது. பையை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். அவரை "சயா" என்று கூப்பிடுங்கள், வாத்தியாரையும் டாக்டரையும் கூப்பிடுகிற அதே மரியாதை. "பூத்தா பெமாலே?" என்றால் ஸ்டேஷன் எங்கே என்று கேட்பது; இந்த ஒரு வாக்கியம் ஊருக்குள் போதும்.

பர்மாவின் சின்ன ஸ்டேஷன்கள் பலவற்றில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அதையே மணியாக அடிப்பார்கள். அதைக் கேட்டதும் தூங்குகிற நாய்கள்கூட நடைமேடை ஓரத்திலிருந்து எழுந்துகொள்ளும். நடைமேடை தாழ்வு, பெட்டிப் படி உயரம். வயதானவர்களை ஏற்றும்போது கீழே ஒருவர், மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கேட்டால் கிடைக்கும், கேட்காமல் கிடைக்காது. மொஹிங்கா என்கிற நூடுல்ஸ் குழம்பில் மீன் இருக்கும். வெறும் கீரை வதக்கல் என்று நினைப்பதில் இறால் பொடியோ மீன் சாறோ இருக்கும். "தெத்தத்லூ" என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். பௌத்தர்களின் மழைக்கால விரதம், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, அப்போது கேட்பது இன்னும் சுலபம். மற்ற மாதங்களில் டீக்கடைதான் தஞ்சம்: அவித்த பட்டாணியோடு நான் ரொட்டி, சீனி தூவிய பலாட்டா, டீ. பலாட்டா யாருடைய கைச்சரக்கு என்று உங்களுக்கே தெரியும்.

மரண ரயில் தொடங்கியது இங்கேதானா?

பர்மா முனை இதுதான்.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்டது, ஆனால் படைக்குச் சாமான் அனுப்ப சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குக் கடல்வழிதான். நேசநாட்டு நீர்மூழ்கிகள் அதைக் குறிவைத்தன. தரைவழியைப் பார்த்தால், சயாம் பக்கம் பான்போங் வரை ரயில் இருக்கிறது. பர்மா பக்கம் மோல்மீன்–யே பாதை இருக்கிறது. இரண்டும் மீட்டர் கேஜ். நடுவில் காடும் மலையுமாக 415 கிலோமீட்டர் விட்டுப்போயிருக்கிறது. பிரிட்டிஷ்காரன் முன்பே அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று கைவிட்ட வழி அது. ஜப்பானியர்கள் இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். மோல்மீன்–யே பாதையிலிருந்து கிளை பிரிய வசதியாக இருந்த ஊர் தன்பியூசயாட். ஒரு சின்ன ஸ்டேஷன் சரித்திரத்தில் இடம்பிடித்தது அப்படித்தான்.

1942 செப்டம்பரில் போர்க்கைதிகளின் தலைமை முகாம் இங்கே வந்தது. 1943 ஜனவரியில் ஆஸ்பத்திரி முகாம். அதை ரயில் யார்டுக்கும் பட்டறைக்கும் பக்கத்திலேயே வைத்தார்கள். நேசநாட்டு விமானங்கள் யார்டுக்குப் போட்ட குண்டு 1943 மார்ச்சிலும் ஜூனிலும் நோயாளிகள் மேல் விழுந்தது. சொந்தக் கட்சிக் குண்டிலேயே செத்தார்கள். பிறகு முகாமைக் காலி செய்து, நோயாளிகளையும் சேர்த்துக் காட்டுக்குள் இருந்த முகாம்களுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனைத் தண்டவாளமும் சயாம் எல்லைக்குள் கொன்கோய்த்தா என்ற இடத்தில் சேர்ந்தன.

போர்க்கைதிகள் 60,000-க்கு மேல்; அவர்களில் செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்கு, இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அந்த இருபதாயிரம் இடைவெளியைக் கவனியுங்கள். கைதிகளுக்குப் பெயர் வாரியாகக் கணக்கு இருக்கிறது. கூலிகளுக்கு மதிப்பீடு மட்டும்தான்.

என் தாத்தாவை 1943-இல் தோட்டத்திலிருந்து பிடித்துப் போனார்கள். அவர் பெயர் இங்கே கல்லறையில் இருக்குமா?

இருக்காது. இதைக் கடிதத்தில் எழுதுவதற்கே மனம் வராது, ஆனால் அவ்வளவு தூரம் வந்து வரிசை வரிசையாகத் தேடி ஏமாறுவதைவிட முன்பே தெரிவது நல்லது.

தன்பியூசயாட் போர்க் கல்லறை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. 3,149 காமன்வெல்த் படையினர், 621 டச்சுக்காரர்கள். போருக்குப் பின் மோல்மீனிலிருந்து சயாம் பக்கத்து நியெக்கே வரை பாதையோரம் கிடந்த புதைகுழிகளைத் தோண்டி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். எல்லாம் படைவீரர்கள். புல் வெட்டி, செடி வைத்து, பெயர்ப்பலகை துடைத்து அழகாக வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அந்த வேலியின் உள்ளே இடம் கிடையாது. காலராவில் விழுந்தவர்களைக் குவித்து எரித்தார்கள், இல்லாவிட்டால் கூட்டமாகப் புதைத்தார்கள்; யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு விஷயம். மலாயாவிலிருந்து 70,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பகுதி தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் என்று சொல்லித்தான் ரயிலேற்றினார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வேலை செய்தது சயாம் பக்கத்தில். பர்மா பக்கத்தில் வேலை செய்த கூலிகளில் அதிகம் பேர் பர்மாக்காரர்கள். "வேர்வைப் படை" என்று பெயர் சூட்டி ஊர் ஊராகப் பிடித்தார்கள். அதில் இங்கிருந்த நம்மவர்களும் அகப்பட்டார்கள்.

ஆகவே தாத்தா மலாயாத் தோட்டத்திலிருந்து போனவர் என்றால், கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பயணம்தான் முடியும் என்றால், தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போங்கள். அங்கே வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் தொழிலாளர்களின் எலும்புகள் புதைத்த இடம் இருக்கிறது. தமிழர்களுக்காக 2023-இல் நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். பாதுகாப்பும் அதிகம், போக்குவரத்தும் சுலபம். தாத்தா எல்லை தாண்டி பர்மா முகாமில் இருந்ததாக வீட்டில் பேச்சு இருந்தால் மட்டும் இங்கே வரத் திட்டமிடுங்கள்.

வந்தால் எங்கே விளக்கேற்றுவது என்று கேட்கிறார்கள். போர்க் கல்லறைக்குள் கற்பூரம் கொளுத்த வேண்டாம், காவலர் தடுப்பார். பழைய தண்டவாளத் துண்டு இருக்கும் அருங்காட்சியகப் பக்கம் பூ வைத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். திதி, தர்ப்பணம் என்று முறையாகச் செய்ய நினைப்பவர்கள் மோல்மீனுக்குத் திரும்பி அங்குள்ள நம் கோயிலில் குருக்களிடம் சொல்லுங்கள், செய்து தருவார். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை போதும்.

அந்தத் தண்டவாளத்திலேயே தாய்லாந்து வரை போகலாமா?

முடியாது. போர் முடிந்ததும் பர்மா பக்கத்துக் கிளைப்பாதை கைவிடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள், மிச்சம் காடாகிவிட்டது. தாய்லாந்து பக்கத்தில் நாம்தோக் வரை இன்றும் ரயில் ஓடுகிறது. இங்கிருந்து மூன்று பகோடாக் கணவாய்க்குச் சாலை உண்டு. ஆயுதக் குழுக்கள் உள்ள பகுதி அது, வெளிநாட்டவர் அந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

கல்லறையும் அருங்காட்சியகமும் ஸ்டேஷனுக்குப் பக்கமா?

ஊர் மணிக்கூண்டை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேற்கே, சைக்காமி போகும் சாலையில், கல்லறை ஒரு கிலோமீட்டர் அளவு. தெற்கே, யே சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் அருங்காட்சியகம். 2016 ஜனவரியில் திறந்தது. ஜப்பான் நீராவி எஞ்சின் ஒன்று வெளியே நிற்கிறது. உள்ளே படங்களும் சிமெண்ட் பொம்மைகளும். படம் எடுப்பவர்கள் எஞ்சினோடு நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பழைய தண்டவாளத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்பேன். மோட்டார் சைக்கிள் டாக்சி இரண்டையும் சுற்றிக் காட்டும். பேரம் பேசிவிட்டு ஏறுங்கள்.

ராத்திரி தங்கலாமா?

மோல்மீனில் தங்குங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்க உரிமம் உள்ள விடுதியில்தான் நீங்கள் தங்க முடியும். சொந்தக்காரர் வீடு என்றாலும், விருந்தாளிப் பட்டியலை அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டிய சட்டம் இருக்கிறது. பாசத்தில் "நம்ம வீட்டிலேயே படுங்க" என்பார்கள். ராத்திரி சோதனை வந்தால் மாட்டுவது அவர்கள்.

படம் எடுக்கலாமா?

ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள். பாலம், சீருடைக்காரர்கள், சோதனைச் சாவடி பக்கம் போனைத் தூக்கவே கூடாது.

எந்த மாதம் நல்லது?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை என்றால் சென்னை மழையை நினைக்காதீர்கள். சென்னைக்கு ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். மோல்மீனில் 4,500-க்கு மேல். தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் வண்டி தண்ணீர் வடியும்வரை நிற்கும். ரம்புத்தானும் டுரியானும் வேண்டும் என்பவர்கள் மட்டும் மழை தொடங்கும்போது வரலாம். டுரியானை ரயிலில் ஏற்றினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஓட்டலில்தான் விட மாட்டார்கள்.

யே தாண்டி தவாய் வரை இதே ரயிலில் போகலாமா?

பாதை உண்டு. 1990-களில் ராணுவ ஆட்சி அதைப் போட்டது. கட்டாய உழைப்பில் கட்டியது என்று அப்போதே உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இந்த மண்ணில் ரயில் பாதை இரண்டு முறை அப்படிப் போடப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையில் யேக்குத் தெற்கே ரயிலை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

கடற்கரைக்குப் போக நேரம் இருக்குமா?

செட்சே கடற்கரையும் சைக்காமியும் மேற்கே இருக்கின்றன. சைக்காமியில் கடலுக்குள் கட்டிய பகோடா. கடல் ஏறும்போது நடைபாதைப் படி தண்ணீரில் மூழ்கும். லைன்காரில் போய்வரலாம். ஆனால் கல்லறை, அருங்காட்சியகம், கடல் மூன்றையும் பார்த்துவிட்டு அன்றைக்கே ரயிலில் திரும்புவது நடக்காது. ரயிலில் வந்து லைன்காரில் திரும்புங்கள். எல்லோருக்கும் நான் சொல்கிற வழி இதுதான்.

தமிழ் பேசினால் புரியுமா?

மோல்மீனில் புரியும் ஆட்கள் உண்டு, கோயில் பக்கம் போனால் கண்டுபிடித்துவிடலாம். 1964-க்குப் பிறகு லட்சக்கணக்கில் இந்தியாவுக்குத் திரும்பியும் மிச்சமிருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பெயர் பர்மியப் பெயராக இருக்கும், லுங்கியும் முகத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சுமாக இருப்போம், கேட்டால் தமிழில் பதில் வரும். இளசுகளுக்குப் பேச வரும், படிக்க வராது. தன்பியூசயாட்டில் பர்மிய மொழியும் மோன் மொழியும்தான்.

கடிகாரத்தை எவ்வளவு மாற்ற வேண்டும்?

இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். மலேசியா, சிங்கப்பூரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். தாய்லாந்தைவிட அரை மணி பின்னால். போன் தானாக மாறாவிட்டால் கையால் மாற்றுங்கள், அதிகாலை வண்டிக்கு அரை மணி பெரிய வித்தியாசம்.

திரும்புகிற வண்டி வராவிட்டால் என்ன செய்வது?

சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் காத்திருப்பது நியாயம். அதற்குள் ஸ்டேஷன் மாஸ்டருக்கு வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று போன் வந்திருக்கும், போய்க் கேளுங்கள். "லாமைங் தாண்டிவிட்டது" என்றால் உட்காருங்கள். "யேயில் நிற்கிறது" என்றால் எழுந்து மணிக்கூண்டுப் பக்கம் போய்விடுங்கள். மோல்மீன் லைன்கார் அங்கேதான் நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் குறைந்துவிடும், இருட்டிய பிறகு கிடையாது. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம், அந்த நேரத்தில் கடைசி லைன்கார் போய்விடும்.